கோவாக் கரைப் பிரயாணமும் வாடகைக் காரும்

விடுமுறையைக் கழிக்கக் கோவாவுக்கு விமானத்தில் வந்து இறங்குகிற ஒருவர், நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிக்கொண்டு, வடக்கே திரக்கோல் ஆற்றங்கரையிலிருந்து தெற்கே போலெம் வரையிலும், மனமும் நாளும் இருந்தால் எல்லையைத் தாண்டிக் கார்வார், கோகர்ணம், முருதேசுவரம் வரையிலும் கடலை ஒட்டியே போய்வருவது இன்று மிகச் சாதாரணமான காரியமாகிவிட்டது. சாதாரணமாகிவிட்டது என்பதனாலேயே அது தெளிவாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்கு வாடகை என்ன என்று கேளாதவர் இல்லை. ஆனால் வழியில் ஒரு நஷ்டம் நேர்ந்தால் அது யார் தலையில் விழும் என்று கேட்பவர் மிகச் சிலரே. வாடகைக் கார் சம்பந்தமாக எழுகிற தகராறுகளைச் சற்று ஆழ்ந்து பார்த்தால், எண் பலகையின் நிறமாகட்டும், இன்ஷூரன்ஸாகட்டும், டெபாசிட்டாகட்டும், பெட்ரோல் கணக்காகட்டும், அவை அனைத்தும் இந்த இரண்டாவது கேள்வியின் வெவ்வேறு உருவங்களே என்பது புலனாகும். அந்தக் கேள்வியை மையமாக வைத்து இந்த விஷயத்தை முழுமையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கம் வந்த வழி

தாமே ஓட்டிச் செல்லக் காரை வாடகைக்கு விடும் தொழில் அமெரிக்காவில் வேர்விட்டது. 1918-இல் சிக்காகோ நகரில் வால்ட்டர் ஜேக்கப்ஸ் என்ற இளைஞர் சுமார் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களைக் கொண்டு நடத்தத் தொடங்கிய வியாபாரம், 1923-இல் ஜான் ஹெர்ட்ஸின் கைக்கு மாறி, பின்னர் அவருடைய பெயராலேயே உலகெங்கும் பரவிற்று. எனினும் அந்தத் தொழிலை விமான நிலையத்தோடு இணைத்த பெருமையில் பெரும் பங்கு வாரன் ஏவிஸுக்கு உரியது. விமானப்படையில் பணியாற்றிய அவர், வானத்தில் இத்தனை வேகமாக வந்து இறங்குகிற பிரயாணி நிலையத்து வாசலில் போக்கிடமின்றி நிற்க நேர்கிற முரண்பாட்டை நேரில் கண்டவராதலால், 1946-இல் டெட்ராய்ட் நகருக்கு அருகேயுள்ள வில்லோ ரன் விமான நிலையத்தில் தம் கடையைத் திறந்தார்.

நம் தேசத்தில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இதற்கு இடமளித்தது. அதைப் பின்பற்றி 1989-இல் மத்திய அரசு 'ரென்ட்-எ-கேப்' திட்டத்தையும், 1997-இல் மோட்டார் சைக்கிள்களுக்கான திட்டத்தையும் வகுத்தது. கார்களுக்கான திட்டத்தில் லைசென்ஸ் பெற விரும்புகிறவரிடம் அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள ஐம்பது வண்டிகளேனும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை; மோட்டார் சைக்கிளுக்கோ ஐந்து போதும். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் சொல்லப் போகிற ஒரு தொல்லைக்கு இது ஓரளவு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கரையின் அமைப்பு

கோவா வடக்கு தெற்காக நூறு கிலோமீட்டரை ஒட்டிய நீளமே உடைய சிறு மாநிலம். அப்படியிருந்தும் அங்கே இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. மர்மகோவாத் துறைமுகத்துக்கு அருகேயுள்ள தபோலிம் போர்த்துகீசியர் ஆட்சிக் காலத்தில் 1955-இல் திறக்கப்பட்டது. 1961 டிசம்பரில் கோவா விடுதலையடைந்த பிறகு கடற்படையின் வசமாகி, இன்றும் கடற்படைத் தளத்தின் ஓர் ஒதுக்கிடத்திலேயே பயணிகள் விமானங்களுக்கு இடம் கொடுத்து வருகிறது. வடகோடியில் பெர்னெம் தாலுக்காவில் உள்ள மோப்பா நிலையத்துக்கு முன்னாள் முதல்வர் மனோகர் பாரிக்கரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து 2023 ஜனவரி 5 முதல் விமானங்கள் பறக்கின்றன. டிக்கெட் வாங்குகிறபோது இரண்டுமே 'கோவா' என்று தோன்றினாலும், காரை எடுக்கிறவருக்கு இவை இரண்டும் வேறு வேறு பிரயாணங்களின் தொடக்கம். ஆரம்போல், மாந்த்ரெம், மோர்ஜிம் முதலிய வடகரைக் கிராமங்களுக்குப் போகிறவருக்கு மோப்பா அண்மையானது. தென்கோடியிலுள்ள பாலோலெமுக்கு அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். தபோலிமிலிருந்தோ அதே பாலோலெம் எழுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஒரு நிலையத்தில் காரை எடுத்து மற்றொன்றில் விடலாமா, விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது மிகவும் அவசியம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகிற ஆறுகள் இக்கரையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கின்றன. திரக்கோல், சாப்போரா, மாண்டவி, ஜுவாரி, சால், தல்போணா, கல்ஜிபாக் என்று இவ்வளவு ஆறுகள் குறுக்கே கிடப்பதனால், இங்கே கடலை ஒட்டி ஒரே சாலையில் நேராகப் போவது என்பது இயலாத காரியம். ஒவ்வொரு கழிமுகத்திலும் உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பாலத்தைத் தேடிப் பிடித்து மறுபடியும் கடலுக்கு வர வேண்டியிருக்கிறது. மாண்டவிப் பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தபோது வட கோவாவும் தலைநகரான பனாஜியும் துண்டிக்கப்பட்டு அடைந்த அவதியைப் பழையவர்கள் இன்றும் சொல்வார்கள். 2019-இல் மாண்டவியின் மீது அடல் சேது திறக்கப்பட்டதும், 2022, 2023-ஆம் ஆண்டுகளின் இறுதியில் இரண்டு கட்டங்களாக ஜுவாரியின் புதிய பாலம் திறக்கப்பட்டதும் கரைப் பிரயாணத்தின் தன்மையையே மாற்றிவிட்டன. பழைய ஜுவாரிப் பாலத்து நெரிசலில் விமானத்தைத் தவறவிடுவோமோ என்று தவித்த காலம் பெரிதும் கழிந்துவிட்டது.

இந்த அமைப்புதான் சொந்தமாக ஓட்டும் காருக்கு இங்கே மதிப்பைத் தருகிறது. கதம்பா போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் பனாஜி, மாபுசா, மட்காவ் என்ற பெரிய ஊர்களை ஒழுங்காக இணைக்கின்றன. ஆனால் ஒரு கழிமுகக் கிராமத்திலிருந்து அடுத்த கழிமுகக் கிராமத்துக்குப் போக வேண்டுமானால் ஊருக்குள் வந்து மாறித்தான் ஆகவேண்டும். டாக்ஸிகளின் கட்டணமும், அவை சிலருடைய கட்டுப்பாட்டில் இருக்கும் விதமும் பல வருஷங்களாக அந்த மாநிலத்தில் விவாதப் பொருள். 2018-இல் 'கோவாமைல்ஸ்' என்ற செயலி வந்தபோதும் உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இந்நிலையில் குடும்பத்தோடு வருகிறவர் கார்ச் சாவியைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்புவது முற்றிலும் நியாயமே.

எண் பலகையின் நிறம்

வாடகைக்கு உரிய சட்டபூர்வமான காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநரோடு வாடகைக்குப் போகிற டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கான காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. விஷயம் இவ்வளவு எளிது. ஆயினும் கோவாவில் வெள்ளைப் பலகைக் கார்கள் பிரயாணிகளுக்கு வாடகைக்குக் கைமாறி வருவதும், அதிகாரிகள் அவ்வப்போது அவற்றைப் பிடிப்பதும் ஊரறிந்த சங்கதி.

குறைந்த வாடகையைப் பார்த்து அப்படிப்பட்ட காரை எடுக்கிறவர், மீறுவது சொந்தக்காரர்தானே, நமக்கென்ன என்று எண்ணிக்கொள்கிறார். சட்டம் அப்படி எண்ணவில்லை. பெர்மிட் இன்றி வாடகைக்கு வண்டியைப் பயன்படுத்துவதைத் தண்டிக்கும் 192-ஏ பிரிவு, ஓட்ட விடுகிறவரையும் ஓட்டுகிறவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. சொந்த உபயோகக் காரின் இன்ஷூரன்ஸ் பாலிசி, வாடகைக்கு விட்ட நேரத்தில் நிகழ்ந்த விபத்தைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சாலையில் அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. ஆனால் காருக்கு நேர்ந்த சேதத்துக்கு அத்தகைய பரிவு கிடையாது. அந்தப் பணம் முழுவதையும் சொந்தக்காரர் ஓட்டியவரிடமே கேட்பார். ஓட்டியவரோ, சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாட்டில் தாமும் பங்குகொண்டவராதலால், வாய் திறந்து வாதாட வழியின்றி நிற்பார்.

இந்த வெள்ளைப் பலகை வியாபாரத்தில் ஈடுபடுகிற எல்லோரையும் மோசக்காரர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றிரண்டு கார்களை வைத்துக்கொண்டு, சுற்றுலாப் பருவத்தில் நாலு காசு பார்க்க விரும்புகிற கிராமத்துக் குடும்பத்துக்கு ஐம்பது கார் என்ற வரம்பு எட்டாத உயரம். சிறு உரிமையாளரும் நேர் வழியில் நுழைவதற்கு ஏற்ற வாசலை அரசு திறந்துவிடாத வரையில், சோதனைகளால் மட்டும் இந்தத் தீங்கு ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த நியாயத்தை முன்னிட்டுப் பிரயாணி தம் குடும்பத்தைப் பாதுகாப்பற்ற காரில் ஏற்றிச் செல்ல வேண்டியதும் இல்லை.

ஓட்டுகிறவரின் லைசென்ஸைப் பற்றி முன்பு ஒரு சந்தேகம் இருந்து வந்தது. வாடகைக் கார் சட்டத்தின் கண்ணில் போக்குவரத்து வாகனமாதலால், சாதாரண லைசென்ஸ் போதுமா என்று சிலர் தயங்கினர். 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் உடையவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தைத் தனிச் சான்று ஏதுமின்றி ஓட்டலாம் என்று தீர்ப்பளித்திருப்பதால் அந்தத் தயக்கத்துக்கு இனி இடமில்லை.

காரை ஏற்றுக்கொள்ளும் அரைமணி

நிலையத்தின் வெளியே, பார்க்கிங் இடத்தில், பெட்டிகள் ஒரு பக்கமும் குழந்தைகள் ஒரு பக்கமுமாக நிற்க, சாவியை நீட்டுகிற இளைஞர் அடுத்த விமானத்து வாடிக்கையாளரை நினைத்து அவசரப்படுகிற அந்த அரைமணி நேரத்தில்தான், பின்னால் வரக்கூடிய சச்சரவுகளில் பெரும்பாலானவை விதைக்கப்படுகின்றன. கடல் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் காத்திருக்கிறது. மனம் அங்கே போய்விட்டது. கண் மட்டும் காரைப் பார்ப்பதாகப் பாவனை செய்கிறது. இந்த அவசரத்துக்கு இணங்காதிருப்பதே முதல் ஜாக்கிரதை.

முன் பம்பரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க வேண்டும். வேகத்தடைகளில் உரசிய தழும்பு அங்கேதான் இருக்கும், நின்ற நிலையில் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. நான்கு சக்கரங்களின் விளிம்பையும், டயர்களின் பக்கச் சுவரையும், கண்ணாடியில் கல் பட்ட புள்ளியையும், கதவுகளின் ஓரத்தையும் ஒரு சுற்று நடந்து, நடந்தபடியே செல்போனில் வீடியோவாக எடுத்து, முடிவில் கிலோமீட்டர் காட்டியையும் பெட்ரோல் முள்ளையும் அதில் பதித்து, அங்கேயே சாவி கொடுத்தவரின் எண்ணுக்கு அனுப்பிவிட வேண்டும். எடுத்து வைத்துக்கொள்வது மட்டும் போதாது. அனுப்பிய நேரமே பின்னால் சாட்சி. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கின்றனவா என்று பார்ப்பதை வெட்கமாக நினைப்பவர் உண்டு. தென்கரையின் மலைச் சாலையில் மாலை மங்கும் வேளையில் டயர் பஞ்சரான பிறகு அந்த வெட்கத்தால் பயனில்லை.

பெட்ரோலில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன: எடுத்த அளவிலேயே திருப்பிக் கொடுப்பது ஒன்று, ஏறக்குறைய காலியாகக் கொடுத்து, மிச்சம் இருந்தால் அது சொந்தக்காரருக்கே என்பது மற்றொன்று. முதலாவதே நேர்மையானது என்பது என் துணிபு. டெபாசிட்டைப் பொறுத்தவரையில், அது எத்தனை நாளில் திரும்பும், எந்தெந்தக் காரணத்துக்காகப் பிடித்தம் செய்யப்படும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். கேமராவில் பதிவான விதிமீறலுக்கான இ-செலான் வண்டிச் சொந்தக்காரர் பேரிலேயே வருவதால், சில நாள் டெபாசிட்டை நிறுத்தி வைப்பதில் அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அடையாளத்துக்காக அசல் லைசென்ஸையோ பாஸ்போர்ட்டையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதை ஏற்கக் கூடாது. லைசென்ஸ் ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டியது. ஆர்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் பிரதிகள் காரில் இருக்கின்றனவா என்பதையும், ஒப்பந்தத்தில் தம் பெயரோடு, மாற்றி ஓட்டப் போகிறவர் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

"ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் பிரயாணி நிம்மதியடைந்து விடுகிறார். அந்த இன்ஷூரன்ஸ் காரின் சொந்தக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையிலான உடன்படிக்கை என்பதையும், வாடகைக்கு எடுத்தவரைக் காப்பது அதன் நேரடி நோக்கமன்று என்பதையும் அவர் யோசிப்பதில்லை. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபருக்கான காப்பை மட்டுமே. காரின் சேதத்துக்கான காப்பு தனி. அந்தக் காப்பிலும், கிளெய்ம் செய்கிறபோது கழிக்கப்படும் தேய்மானத் தொகை, கட்டாயமாகச் சொந்தக்காரர் ஏற்க வேண்டிய முதல் பங்கு, டயர் மட்டும் கெட்டால் ஈடில்லை என்ற விதி, என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் தனிக் காப்பு இல்லாதவரை ஈடில்லை என்ற விதி, இவையெல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு கணிசமான தொகையை வெளியே விட்டுவிடுகின்றன. இதோடு, கார் ஷெட்டில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை என்று ஒன்றையும் சிலர் கேட்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதன்று. சேதம் நேர்ந்தால் நான் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே. இதே சிக்கல் ஐரோப்பாவிலும் முற்றிப் போய், ஐந்து பெரிய வாடகைக் கார்க் கம்பெனிகள் கட்டணங்களையும் காப்பின் எல்லைகளையும் தெளிவாகத் தெரிவிப்பதாக ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதி கூற நேர்ந்து, 2017-இல் அந்தப் பேச்சுவார்த்தை முடிவுற்றது. நம் நாட்டில் அப்படி ஒரு பொது உறுதிமொழி தோன்றும் வரையில், வாடிக்கையாளர் தாமே அந்தத் தொகையைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது ஒன்றே வழி. சொல்ல மறுக்கிறவரிடம் காரை எடுக்காமல் இருப்பது உத்தமம்.

மது அருந்திவிட்டு ஓட்டினால் இந்தக் காப்புகளும் பறிபோகும். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே 185-ஆம் பிரிவின்படி குற்றம். மது மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிற ஊரில், உணவு விடுதியிலிருந்து தங்குமிடம் இரண்டு கிலோமீட்டர்தானே என்ற சமாதானம் எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது!

சாலையும் பருவமும்

இக்கரையின் அழகு தேசிய நெடுஞ்சாலை 66-இல் இல்லை. அதிலிருந்து பிரிந்து செல்லும் கிராமச் சாலைகளில் இருக்கிறது. வடகோடியில் கேரி என்ற ஊரில் சாலை ஆற்றோடு முடிந்துவிடும். தட்டையான படகு வந்து சேர்ந்து, இரும்புப் பலகை கரைமீது இறங்கியதும், படகுக்காரர் கையசைவைப் பார்த்து மெல்ல ஏற்றி, சொன்ன இடத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு என்ஜினை அணைத்தால், சில நிமிஷங்களில் அக்கரையிலுள்ள திரக்கோல் கோட்டையின் அடிவாரத்தை அடையலாம். தெற்கே அசோல்ணா, பேத்துல் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் செம்புரைக்கல் மதில், மறுபக்கம் முந்திரித் தோப்பு, எதிரே கண் மறைக்கும் வளைவு என்று காபோ த ராமா கோட்டையைக் கடந்து அகோந்தா வரைக்கும் இப்படியே. எதிர் வண்டிக்கு யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டியிருக்கும் அந்த இடங்களில், பெரிய காரைக் காட்டிலும் சிறிய காரே பிரயாணிக்கு உற்ற துணை. ஹாரனை நம்புவதைவிட வேகத்தைக் குறைப்பதே நல்லது. அந்தச் சாலைகள் விடுமுறைக்காக விரித்து வைத்தவை அல்ல, அங்கே வாழ்கிறவர்களின் வாசல்கள். ஞாயிறு காலை பூசைக்கு நடந்து போகிற முதியவளுக்கும் பள்ளி விட்டு வருகிற சிறுவனுக்கும் அந்தச் சாலையில் உள்ள உரிமை, அயலூரிலிருந்து வந்து சில நாள் தங்குகிற நமக்கு உள்ளதைவிட மூத்தது.

மணலில் காரை இறக்குவது இன்னொரு பெருந்தவறு. அலை ஓரத்தில் ஓட்டிப் படம் பிடிக்க ஆசைப்பட்டுச் சக்கரம் புதைந்து, ஏற்றத்தில் கடல் உள்ளே புகுந்து, போலீஸ் வழக்கிலும் முடிந்த சம்பவங்கள் கோவாவில் அடிக்கடி நிகழ்கின்றன. கடற்கரையில் வாகனம் ஓட்டுவதற்குத் தடை இருப்பதற்குக் காரணம் பிரயாணியின் பத்திரம் மட்டுமன்று. மோர்ஜிம், அகோந்தா, கல்ஜிபாக் கரைகளில் பங்குனி ஆமைகள் வந்து முட்டையிடுகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். வாடகை இறங்கும், ஊரும் பச்சைப் பசேலென்றிருக்கும். ஆனால் கரையோர நெடுஞ்சாலையில் மழையின் கொடுமையை அலட்சியம் செய்யலாகாது. 2024 ஜூலை 16-ஆம் தேதி அங்கோலாவுக்கு அருகே சிரூரில் மலைச்சரிவு நெடுஞ்சாலையின் மேலேயே இறங்கி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாதம் 7-ஆம் தேதி கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்து ஒரு லாரி ஆற்றில் விழ, தமிழ்நாட்டைச் சேர்ந்த அதன் ஓட்டுநர் உயிரோடு மீட்கப்பட்டார். கோகர்ணத்துக்கும், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் சௌபர்ணிகா ஆறுமாகச் சாலை ஓடுகிற மரவந்தேக்கும் போகிறவர்கள் இதே வழியில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அப்பிரயாணத்தைத் தள்ளிப் போடுவதே விவேகம். மழை நின்ற பிறகும், போலெம் எல்லையைத் தாண்ட வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, அண்டை மாநில வரி யாருடையது என்பவற்றைக் கேட்டுக்கொள்ளாமல் புறப்படக் கூடாது.

முடிவாக

எல்லோருக்கும் வாடகைக் காரே சிறந்தது என்பது என் கட்சி அன்று. ஒரே கரையில் தங்கி ஓய்வெடுக்க வருகிறவருக்கு விமான நிலையத்து மின்சாரப் பஸ்ஸும் ஒன்றிரண்டு டாக்ஸிப் பிரயாணமும் தாராளமாகப் போதும். நாள் முழுவதும் நிழலில் நிற்கப் போகிற காருக்கு வாடகை கொடுப்பது வீண். மாலை நேரங்களை மதுவோடு கழிக்க எண்ணுகிறவருக்கும் கார் வேண்டாம். ஆறு ஆறாகக் கடந்து, கிராமம் கிராமமாகத் தங்கி, குடும்பத்தோடு கரை நெடுகப் போக விரும்புகிறவருக்கோ அதற்கு ஈடான சாதனம் வேறில்லை.

அரசு செய்யத்தக்கவை இரண்டு: எண் பலகைகளின் வேறுபாட்டையும் வாடிக்கையாளரின் உரிமைகளையும் விளக்கும் அறிவிப்பை நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே பெரிதாக வைப்பது, சிறு உரிமையாளர்கள் கூட்டாகவேனும் லைசென்ஸ் பெற வழி செய்வது. தொழில் நடத்துவோர் செய்யத்தக்கது, அதிகபட்சப் பொறுப்பு இவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே சொல்லுகிற ஓர் ஒப்பந்தத்தை வாடிக்கையாளருக்குப் புரிகிற பாஷையில் கொடுப்பது. பிரயாணி செய்யத்தக்கதோ, வாடகையைப் பேரம் பேசுவதற்கு முன்பே நஷ்டத்தின் பங்கைப் பேசி முடித்துக்கொள்வது. அந்தப் பேச்சுக்குச் செலவாவது அரைமணி நேரம். அதைச் செலவிடத் தயங்குகிறவர் பிரயாணம் முழுவதும் ஒவ்வொரு கீறலுக்கும் அஞ்சியபடியே ஓட்ட நேரிடும்.